சிவக்கும் மலையில் ஓர் அறை

டிசம்பர் 9, திங்கள்

கடைசிப் பேருந்தில் ஓர் அம்மா தனியாக வந்தார். அறை கேட்டார். கொடுத்துவிட்டேன்.

எங்கள் விடுதியில் தனியாக வருகிறவர்களுக்கு அறை கிடையாது. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் இந்த மலையில் பல விடுதிகளில் அதுதான் வழக்கம். தம்பதி வரலாம், குடும்பம் வரலாம், ஒரே அறையில் எட்டுக் கல்லூரிப் பையன்கள் விடிய விடியக் கத்தினாலும் பரவாயில்லை. ஒற்றை ஆள் வந்தால் மட்டும் ரூம் எல்லாம் ஃபுல் என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் பால்ராஜ் அண்ணன் சொல்லிக்கொடுத்தார்.

"ஒத்தையா மலையேறி வர்ற ஆளு எதுக்கு வருதுன்னு நமக்குத் தெரியாது சகாயம். பாறை இந்தா இருக்கு, பத்தடியில. அப்புறம் போலீசுக்கும் பேப்பர்காரனுக்கும் நாமதான் பதில் சொல்லணும்."

சொல்ல வேண்டிய வாக்கியம் என் நாக்கு வரை வந்தது. அந்த அம்மா கவுண்டருக்கு முன்னால், கையிலிருந்த துணிப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்லூரியில் என்னைச் சேர்க்க வந்த அன்று ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் அப்பா நின்றதும் அப்படித்தான். 'இல்லை' என்று சொல்வார்கள், சரி என்று தலையாட்ட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட முகம்.

"உங்க தங்கச்சி நாளைக்கு வர்றாங்களா?" என்று நானே கேட்டேன். அவர் விழித்தார். "வர்றாங்கதானே?" என்றேன். மெதுவாகத் தலையாட்டினார். அண்ணனிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

பெயர் நாகரத்தினம். நாற்பத்தைந்து வயதிருக்கலாம். மலைக்கு நேர் கீழே, பெரியகுளம் பக்கத்து ஊர். சாவியைக் கொடுக்கும்போது ஒன்று கேட்டார்.

"இங்க மலை எத்தன மணிக்குச் செவக்கும் பாப்பா?"

சூரிய உதயம் ஆறரைக்கு, முன்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன்.

"சூரியன் இல்ல பாப்பா. மலை."

இந்த மலையிலேயே பிறந்தவள் நான். சிவந்து பார்த்ததில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

பனிமூட்டம். முன்பக்கம் கம்பித்தடுப்பு வரைக்கும்தான் தெரிகிறது, அதற்கப்பால் வெள்ளை. துவைத்த படுக்கை விரிப்புகள் நேற்றிலிருந்து காயாமல் கிடக்கின்றன. மூன்றாம் எண் அறையில் கீசர் வேலை செய்யவில்லை. அந்த அறைக்காரர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வாளி வெந்நீரோடு, அறைகளைச் சுத்தம் செய்யும் லூர்து அக்கா வந்து காப்பாற்றினாள்.

நாகரத்தினம் அம்மா விடியும் முன்பே பெஞ்சுக்கு வந்துவிட்டார். ஆனால் திரும்பி உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்து உட்காருவார்கள். இவர் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி, விடுதிக்குப் பின்னால் எழும் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனியில் பாறையும் தெரியவில்லை.

அறையைச் சுத்தம் செய்யப் போன லூர்து அக்கா உடனே திரும்பி வந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். கட்டில் விரிப்பு மடிப்புக் குலையாமல் இருக்கிறது, டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார், குளியலறைத் தரையைக்கூடத் துடைத்திருக்கிறார். "ஆளு தங்குன ரூம் மாதிரியே இல்லடி. வந்த தடத்த அழிச்சிட்டுப் போறவ மாதிரி இருக்கு," என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

வெந்நீர் பிடிக்கலாமா என்று கேட்டார். பிடியுங்கள் அம்மா, கேட்க வேண்டியதில்லை என்றேன். மாலையில் மறுபடியும் கேட்டார். பால்ராஜ் அண்ணன் வரவேற்பறைக்குள் வந்தபோது பெஞ்சிலிருந்து விருட்டென்று எழுந்து, அண்ணன் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். தங்கச்சி எங்கே என்று கண்ணால் கேட்டார். பேருந்தை விட்டுவிட்டார்களாம் என்றேன். இத்தனை நாளில் நான் இவ்வளவு பொய் சொன்னதில்லை.

டிசம்பர் 11, புதன்

பனி விலகவில்லை. அந்த அம்மா தம் கைப்பேசியை அணைத்தே வைத்திருக்கிறார்.

உறவினர் கல்யாணம், நாளை மறுநாள் முகூர்த்தம் என்று பால்ராஜ் அண்ணன் திண்டுக்கல்லுக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிறு வரை விடுதியை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "அந்த அம்மாவோட தங்கச்சி நாளைக்கும் வரலேன்னா காலி பண்ணச் சொல்லிரு. உன்னால முடியும்ல?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வானம் சுத்தமாக இருந்தது. பனியெல்லாம் பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் படுத்திருந்தது. அந்த அம்மா பெஞ்சுக்கு வந்து வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்தார். சூரியன் எழுந்தது. பாறைமேல் லேசாக மஞ்சள் படிந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளுத்து வெயிலாகிவிட்டது. தினமும் அவ்வளவுதான். அவர் பாறையைப் பார்த்தார், தம் கைகளைத் திருப்பிப் பார்த்தார், புடவை முந்தானையை எடுத்துப் பார்த்தார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இவ்வளவுதானா?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

பகல் முழுவதும் அறைக்குள்ளேயே இருந்தார். சாப்பாட்டை அளைந்துவிட்டு வைத்துவிட்டதாக அக்கா சொன்னாள். மூன்று மணிக்கு வந்து வாடகை எல்லாவற்றையும் கட்டினார். நான் கேட்கவே இல்லை. காலி செய்கிறீர்களா அம்மா என்று கேட்டதற்கு, "பாத்துட்டா போதும்னு வந்தேன். இனி எங்க போறதுன்னு தெரியல," என்றார்.

சாயங்காலம் துணி எடுக்கப் போனவள் முன்பக்கம் பார்த்தேன். அவர் கம்பித்தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அங்கே ஒரு பாறை மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. காற்றில் கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து, கழுத்தைத் திருப்பி நின்றார். என் கையிலிருந்த விரிப்புகள் மண்ணில் விழுந்தன. கத்தினால் பயத்தில் கையை விட்டுவிடுவாரோ என்று மனதில் ஓடியது. பக்கத்தில் போய், "அம்மா, டீ ஆறுது," என்றேன். டீயே போடவில்லை.

"வந்துட்டேன்," என்று உடனே தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தார். யாராவது கூப்பிட்டால் உடனே வந்துவிடுகிற குரல் அது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து அறைவரை கொண்டுபோய் விட்டேன். கை சில்லென்றிருந்தது.

அதற்குப் பிறகு போன் செய்தேன். அவருடைய துணிப்பையில் ஒரு பாத்திரக்கடையின் பெயரும் நம்பரும் அச்சடித்திருந்தது. கடை அவர்களுடையதுதான். அவர் கணவர் தனபாலன் எடுத்தார். நான் அழுதுவிட்டேன். உங்கள் வீட்டு அம்மா இங்கே இருக்கிறார்கள், பாறையில் ஏறி நிற்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று உளறினேன்.

நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. நீ சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டார். அவளுக்குக் கொஞ்ச நாளாகவே மனது சரியில்லை, நாங்கள் தேடாத இடமில்லை, உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்றார். மலைப்பாதையில் பனி, இப்போது ஏற முடியாது, விடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் கதவ வெளிய பூட்டி வச்சிரு தங்கச்சி. பயப்படாத. அவளுக்கு அது ஒண்ணுமில்ல."

வேலை போய்விடும் என்று பயந்து செய்த போன் இல்லை அது. ஓர் உயிர்.

சாப்பாடு கொடுத்துவிட்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினேன். சத்தம் வராமல்தான் போடப் பார்த்தேன். பழைய தாழ்ப்பாள், கிறீச்சென்றது. உள்ளேயிருந்து கதவைத் தட்டுவார், என்ன ஏது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். தட்டவில்லை. பிறகு கதவுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

"லைட்ட அணைச்சிரவா பாப்பா?"

அணைச்சிருங்க அம்மா என்றேன். கதவின் கீழ் இருந்த வெளிச்சக் கோடு மறைந்தது.

ஏன் அப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 13, வெள்ளி

நான் சரியாகத் தூங்கவில்லை. கிழக்கு வெளுக்கும் முன்பே போய்ப் பூட்டைத் திறந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புடவை கட்டி, தலை வாரி, பையைக் கட்டி மடியில் வைத்திருந்தார். போர்வை நான்காக மடித்துப் பக்கத்தில் இருந்தது.

"கெளம்பிட்டாரா?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. நீ என்ன பண்ணுவ, சின்னப்பிள்ளை என்றார். நான் எப்படியாவது அவரைப் பேசவைக்க வேண்டும் என்று, ஏன் அம்மா பாறைமேல் ஏறினீர்கள் என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். அவர்கள் வீட்டு மொட்டைமாடிக்கு நேரே எங்கள் மலை நிற்கிறது. விடியும்போது முதலில் உச்சிப் பாறை ரோஜா நிறமாகும், பிறகு செங்கல் நிறம் ஆகி, அந்தச் சிவப்பு அப்படியே கீழே வழிந்து இறங்கும். ஊர் அப்போது இருட்டாகத்தான் இருக்கும். மலை மட்டும் அடுப்புக்கங்கு மாதிரி இருக்கும். அந்தச் சிவப்புக்கு நடுவில் ஒரு புள்ளி பளிச்சென்று மின்னும். அது எங்கள் விடுதியின் தகரக் கூரை.

"அந்தச் செவப்புக்குள்ள ஒரு நாளாவது இருந்து பாக்கணும்னு வந்தேன் பாப்பா. வந்து பாத்தா இங்க ஒண்ணுமே செவக்கல. நான் தப்பான மலைக்கு வந்துட்டேனோன்னு இருந்துச்சு. அதான் அந்தப் பாறைல போயி எட்டிப் பாத்தேன். அங்க இருந்துதான் மலையோட மொகம் தெரியுது."

"தெரிஞ்சதா அம்மா?"

"தெரிஞ்சிருக்கும். நீ டீக்குக் கூப்பிட்டுட்ட." சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சாகப்போகிறார் என்று நான் நினைத்தது, வேடிக்கை பார்க்க வந்த ஓர் அம்மாவை. சரி, வீட்டுக்காரர் வந்து அழைத்துப் போகட்டும், தப்பு ஒன்றும் நடந்துவிடவில்லை என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அவர் மடித்த போர்வையைத் தடவினார்.

"இந்தப் போர்வைய வெலைக்குத் தருவீங்களா? நல்லா கனமா இருக்கு. மாடில குளுரும்."

நேற்று தாழ்ப்பாள் போட்டபோது அவர் கதவைத் தட்டவே இல்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. போக ஓர் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். ஒட்டன்சத்திரத்தில் செல்லத்தாய் என்று கூடப் படித்த தோழி இருக்கிறார், கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை, ஆனால் தெரு தெரியும் என்றார். அப்பா லோடு ஏற்றும் கேரட் லாரி விடிகாலையில் எங்கள் கீழ்த்தெருவில் நிற்கும். அது பழனி வழியாக இறங்கி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிறது. தனபாலனின் கார் ஏறி வருவது வத்தலக்குண்டு வழி. இரண்டும் சந்திக்காது.

பின்வழியாக ஓடினோம். ஓட்டம் என்று சொல்ல முடியாது. அவருக்கு மூச்சு வாங்கியது, தோட்டத்து வரப்பில் செருப்பு வழுக்கியது. கீழே மலைப்பாதையில் ஒரு காரின் விளக்கு வளைவுக்கு வளைவு தெரிந்து மறைந்தது. அது யாருடைய காராகவும் இருக்கலாம். அவர் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பத்தடி போவார், மறுபடி நின்று, "சொல்லாம வந்தது தப்புதான், அவரு கூப்புட்டா போயிறணும்," என்பார். நான் இழுப்பேன்.

அப்பா மூட்டைமேல் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. டிரைவரிடம் ஏதோ சொன்னார். கையை நீட்டி, "ஏறுத்தா," என்றார். முன் இருக்கையில் ஏற்றி, தாமும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். போர்வையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

திரும்பி வந்து காலி அறையை மறுபடி பூட்டினேன். அதுதான் எனக்குத் தோன்றிய ஒரே யோசனை.

வீட்டுக்காரர் ஏழு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் இனிப்புப் பெட்டி. கூட ஒருவர் காரிலேயே இருந்தார். தனபாலன் என்னைக் கும்பிட்டார். பெட்டியை எல்லோருக்கும் கொடு தங்கச்சி என்றார். நான் டீ போட்டேன். அம்மா குளிக்கிறார்கள் என்றேன். சரி, குளிக்கட்டும் என்று உட்கார்ந்தார். டீயை ஊதி ஊதி நிதானமாகக் குடித்தார். லாரி இந்நேரம் எந்த வளைவில் இருக்கும் என்று நான் மனதுக்குள் அதனோடு இறங்கிக்கொண்டிருந்தேன்.

"பூட்டித்தான வச்சிருக்க?"

"ஆமாங்க."

"அப்ப குளிக்கட்டும்."

இன்னொரு டீ கேட்டார். போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். பிறகு கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

அவரே திறந்தார். உள்ளே நின்று கட்டிலைப் பார்த்தார், குளியலறையைத் தள்ளிப் பார்த்தார், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் மாறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சாவியைக் கவுண்டரில் மெதுவாக வைத்தார்.

"ஒங்க வீடு எங்க இருக்கு தங்கச்சி?"

லூர்து அக்கா துடைப்பத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவர் அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனார்.

டிசம்பர் 14, சனி

தோழி வீட்டில் சேர்த்துவிட்டேன் என்று அப்பா வந்து சொன்னார். வழியெல்லாம் அந்த அம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

பால்ராஜ் அண்ணன் போனில் கத்தினார். கணவர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். மனநிலை சரியில்லாத மனைவியை விடுதிக்காரர்கள் எங்கோ அனுப்பிவிட்டார்களாம். பிரச்சினை தீரும் வரை நான் வேலைக்கு வர வேண்டாம்.

மூன்றாம் எண் அறையின் கீசரைச் சரிசெய்ய இன்று ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவிடம் ஞாபகப்படுத்த மறந்துவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

கீழே மகளிர் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். நாளை வர வேண்டும். அந்த அம்மா எங்கே என்று கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, அப்பா வாங்கி வந்திருந்த செல்லத்தாய் நம்பருக்குப் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "ஓடிட்டே இருக்க முடியாது பாப்பா. நானே வர்றேன். நீ இருப்பல்ல?" என்றார் நாகரத்தினம் அம்மா.

பூசையில் பாதிரியார் என்ன பேசினார் என்று ஒன்றும் நினைவில்லை. நாளை என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து பார்த்தேன். வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் நின்ற ஆள் நான்.

டிசம்பர் 16, திங்கள்

பேருந்தில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

இன்ஸ்பெக்டர் மேடத்துக்கு லூர்து அக்கா வயதுதான் இருக்கும். தனபாலன் இரண்டு உறவினர்களோடு வந்திருந்தார். வக்கீல் இல்லை, தேவைப்படாது என்று நினைத்திருக்க வேண்டும். நாகரத்தினம் அம்மா தோழியின் பக்கத்தில், சுவரை ஒட்டி நின்றார். தனபாலன் மனைவியைப் பார்த்து, "வா, உக்காரு," என்றார். அந்த அம்மா உடனே உட்கார்ந்துவிட்டார். தோழி முறைத்தார்.

தனபாலன் கோவையாகப் பேசினார். கொஞ்ச வருடங்களாகவே இப்படித்தான், தனியாகச் சிரிப்பாள், மணிக்கணக்கில் மலையைப் பார்ப்பாள், நான்தான் பொறுத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணே சாட்சி மேடம். அதுவே போன் பண்ணி, பாறை மேல ஏறி நிக்கிறாங்க, பயமா இருக்குன்னு அழுதுச்சு. கேட்டுப் பாருங்க."

"அப்படிச் சொன்னியா?" என்றார் மேடம்.

"சொன்னேன்," என்றேன். மறுக்க முடியாது. அழுததும் உண்மை.

மேடம் அந்த அம்மாவிடம் கேட்டார், எதற்குப் பாறைமேல் ஏறினீர்கள் என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, மலை சிவப்பதைப் பார்க்க என்றார்.

"மலை மேலயே நின்னுக்கிட்டு மலையப் பாக்கவா?"

தனபாலன் கையை மட்டும் விரித்தார். எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் சிரிப்பை அடக்கினார். என் ஒரு போன் கால் அந்த அம்மாவைப் பைத்தியமாக்கி மேசைமேல் வைத்துவிட்டது. மேடம் தாளைத் திருப்பினார். இன்னும் ஒரு நிமிடத்தில் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுவார் என்று தெரிந்தது.

"மேடம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மனப்பாடம் செய்தது எதுவும் வரவில்லை. "அது நெசந்தான் மேடம். மலை வெளிய இருந்து பாத்தாத்தான் செவப்பு. உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது. நானும் அங்கயே பொறந்தவ, பாத்ததே இல்ல. இவங்க தெனமும் பாத்திருக்காங்க. எப்படிப் பாத்தாங்கன்னு கேளுங்க மேடம்."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டேன். மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"எங்க இருந்து பாப்பீங்க?"

"எங்க வீட்டு மாடில இருந்து."

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மாடிக்குப் போயிருவீங்களா?"

"போக மாட்டேன் மேடம். மாடிலதான் இருப்பேன்."

பேனா நின்றது. "மாடிலயா படுப்பீங்க? இந்தப் பனியிலயா?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று. தோழி அவர் முதுகில் கையை வைத்தார்.

"கோவம் வந்தா மாடில விட்டுக் கதவப் பூட்டிருவாரு. படிப்பக்கம் பூட்டு. தட்டுனா சத்தம் கேக்கும்னு இன்னொரு நாள் சேத்து விடுவாரு, அதனால தட்ட மாட்டேன். மலை செவந்துச்சுன்னா இன்னுங் கொஞ்ச நேரந்தான்னு தெரியும். வெளிச்சம் வந்துட்டா அக்கம்பக்கத்துல பாத்துருவாங்கள்ல. தெறந்துருவாரு."

அவர் சொன்னது மனநிலை சரியில்லாதவர் பேச்சு மாதிரி இல்லை. கடிகாரம் பார்த்து மணி சொல்வது மாதிரி இருந்தது.

"மேடம், இவ சொல்றத எல்லாம்…" என்று தனபாலன் ஆரம்பித்தார்.

"நீங்க வெளிய இருங்க," என்றார் மேடம். தனபாலன் எழுந்திருக்கவில்லை. மேடம் பெண் காவலரைப் பார்த்தார். அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் மூவரும் போனார்கள்.

அதன்பின் நெடுநேரம் ஆனது. அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். வீட்டுக்குப் போக விருப்பமா என்று மேடம் கேட்டபோது, அந்த அம்மா என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கும் அதே பார்வை. தலையாட்டிவிட வேண்டும் போல இருந்தது. நான் அசையாமல் இருந்தேன்.

"போகல மேடம்," என்றார். அவராகத்தான் சொன்னார்.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தனபாலன் எதிர்ப்பக்கம் காரில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார். எங்களைப் பார்த்தார், பார்வையை எடுக்கவில்லை. ஒட்டன்சத்திரம் பேருந்தில் ஏறும்வரை கூட இருக்கச் சொல்லி மேடம் பெண் காவலரை அனுப்பியிருந்தார். நாளைக்கும் அனுப்புவாரா, நாளை மறுநாளும் அனுப்புவாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என்னோடு வந்திருந்த அப்பா எங்களுக்கும் அந்தக் காருக்கும் நடுவில் போய் நின்று பீடி பற்றவைத்தார்.

அப்போதுதான் நிமிர்ந்தேன். கடைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலே எங்கள் மலை சிவந்திருந்தது. அவர் சொன்னது மாதிரியே கங்கு நிறத்தில். இதுவரை பகலில் இறங்கிப் பகலிலேயே வீடு திரும்பியிருக்கிறேன். இதைப் பார்த்ததே இல்லை. எங்கள் தெரு, எங்கள் தோட்டம், விடுதி எல்லாம் அந்தச் சிவப்புக்குள் எங்கோ இருந்தன.

"அம்மா, மலை," என்று காட்டினேன்.

அவர் திரும்பவில்லை. போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, வருகிற பேருந்துகளின் ஊர்ப்பலகையை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.